எதிர்வீட்டுக் கதவு

பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற சரிவுப் பாதையில் அப்பா இரண்டு தடவை நின்றார். முதல் தடவை மூச்சு வாங்க. இரண்டாம் தடவை, கோட்டின் உள்பாக்கெட்டில் அந்தப் பயணச்சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க.

"நெஞ்சு வலிக்குதா?" என்றாள் அம்மா. நெஞ்சில் கை வைக்கிற ஆளைப் பார்த்தால் அவளுக்கு வேறெதுவும் தோன்றாது. இருபது வருஷ வார்டு பழக்கம்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். குளிருதுன்னு கையை உள்ள விட்டேன்."

கட்டிய மனைவியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே மனுஷன் உலகத்திலேயே இவராகத்தான் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனபோது உள்ளே சிக்கிக்கொண்ட நர்ஸ் அவள். கதவைப் பிளந்து, கை கொடுத்து மேலே தூக்கிவிட்ட மெக்கானிக் அவர். "பயப்படாதீங்க சிஸ்டர்" என்று அன்றைக்குச் சொன்னது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தப் பயணச்சீட்டு சமாச்சாரம் உங்களுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். போன வார அத்தியாயத்தில், விமானத்தில் அம்மா தூங்கிய பிறகு அவர் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாரே, அதுதான். போகும்போது இரண்டு பேர். திரும்பும்போது மூன்று பேர். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அவராகவே முடிவு செய்திருந்தார். அம்மாவிடம் சொன்னால் நடக்காது. ஏனென்றால் இங்கே அனுப்பியே தீர வேண்டும் என்று நின்றது அவள்தான்.

மகளுக்குப் பதினாறு வயசு. ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டே இருந்த குழந்தை என்பதால் தும்பி என்று பேர் வந்தது. அந்தத் தும்பி ஒரு கட்டத்தில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டது. தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று தெரியாமல் பகலெல்லாம் காணாமல் போனாள். கேட்டால் கண்ணாடி டம்ளர் பறக்கும். ஒரு நாள் காலையில் போனவள் மறுநாள்தான் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியின் மனநல டாக்டர் இந்த இடத்தைச் சொன்னார். மனசு தடுமாறிப்போன பிள்ளைகளைத் தங்கவைத்து, படிப்பும் சொல்லிக்கொடுத்து, தினமும் உட்கார்ந்து பேசி, மெல்ல மெல்ல மீட்டெடுக்கிற பள்ளிக்கூடம். கடல் தாண்டிய தூரம்.

கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய் ஐந்து மாசம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு தடவை போனில் குரல் கேட்டதோடு சரி. பெற்றவர்கள் நேரில் வந்து பார்க்க இன்றைக்குத்தான் முதல் முதலாக அனுமதி.

வாசலில் வரிசையாக ரப்பர் பூட்ஸ்கள், எல்லாம் சேறு படிந்தவை. அவர்களை உள்ளே அழைத்துப் போன ஆலோசகர் நல்ல உயரமான, நரைத்த தலைப் பெண்மணி. எந்நேரமும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பதால் தும்பி போனில் அவரை 'கம்பளி மேடம்' என்றுதான் சொல்வாள். அந்த அம்மாளுக்கு அது தெரியாது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டாம், அவளாக வரட்டும் என்று நடக்கும்போதே ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா தலையாட்டினார். அம்மா நடையை எட்டிப் போட்டாள்.

தும்பி துணி துவைக்கும் அறையில் இருந்தாள். இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை உண்டு. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். இடுப்பு வரை இருந்த முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. படுக்கை விரிப்பு ஒன்றை மேஜையில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். மூலையோடு மூலை சேர்த்து, உள்ளங்கையால் ஒரு நீவு நீவி, மறுபடி பாதியாக.

அம்மா கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிப் போனாள். அது ஆஸ்பத்திரி மடிப்பு. அவள் கட்டிலில் துணி மடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு அதேமாதிரி மடித்துப் பழகியது ஒரு நாலு வயசுக் குழந்தை. மடிப்பு கோணலாகப் போனால் "பேஷன்ட் திட்டுவாங்க" என்று தானே உதறிப்போட்டு மறுபடி ஆரம்பிக்கும்.

தும்பி நிமிர்ந்தாள். பார்த்தாள். கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்து அடுக்கில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

"வந்துட்டீங்களா?"

"மலைமேல பள்ளிக்கூடம் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு லிஃப்ட் வைக்கத் தெரியல பாரு" என்றார் அப்பா. "நடந்தே ஏறினோம்."

தும்பியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கம்பளி மேடத்தின் அறையில் நாற்காலி கிடையாது. தரையில் மெத்தைகள். நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து நாலு பக்கமும் புத்தகங்களை வைத்து அழுத்தியிருந்தார். பக்கத்தில் கலர் பேனாக்கள்.

நீங்கள் மூன்று பேரும் அதிக வருஷம் சேர்ந்து வாழ்ந்த வீட்டை வரையுங்கள் என்றார். மூன்று பேரும் சேர்ந்து, ஒரே தாளில். வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியிலேயே பேசிக்கொள்ளுங்கள், எனக்குப் புரிய வேண்டும் என்று கவலைப்படாதீர்கள், வேண்டுமானால் பிறகு கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

மூன்று பேரும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதிக வருஷம் வாழ்ந்த வீடு என்றால் அது பழைய வீடு. மூன்றாவது மாடி. அந்த வீட்டைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. பேசாமலே இருந்து அப்படி ஆகிவிட்டது.

தொடக்கத்திலிருந்தே இந்தக் கதையோடு வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். எதிர்வீட்டில் தும்பியின் வயசில் ஒரு பெண் இருந்தாள். தடிமனான கண்ணாடி போடுவாள் என்பதால் சோடாபுட்டி. அவளுக்கே அந்தப் பேர் பிடித்திருந்தது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் இரண்டு வீடும் ஒரே வீடு. பதின்மூன்று வயசில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், அம்மா வேலை பார்க்கிற வார்டிலேயே சேர்த்தார்கள். டாக்டர்கள் செய்யாத வைத்தியம் இல்லை. நாலாம் நாள் போய்விட்டாள். இரண்டு மாசத்துக்குள் இவர்கள் வீடு மாறிவிட்டார்கள். பிள்ளை மறக்க வேண்டும் என்பதற்காக.

அப்பாதான் பேனாவை எடுத்தார். ஸ்கேல் இல்லாமலே நேராகக் கோடு போடுகிற கை. ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை, பால்கனி.

"ஃப்ரிட்ஜ் எங்க இருந்தது, ஹால்லயா சமையல்கட்டுலயா?"

"முதல்ல சமையல்கட்டுல" என்றாள் அம்மா. "அப்புறம் நீங்கதான் இடம் அடைக்குதுன்னு ஹாலுக்குத் தள்ளினீங்க. டிவி பார்க்கறப்பல்லாம் அது ஒரு பக்கம் உறுமிட்டே இருக்கும்."

"பாத்ரூம் கதவு வெளிப்பக்கம்தானே திறக்கும்?"

"உள்பக்கம்."

"வெளிப்பக்கம். நான்தானே கீல் மாத்தினேன்."

"உள்பக்கம்ங்க. தினமும் பக்கெட்டுல இடிக்குமே."

தும்பி தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "எந்தப் பக்கமும் முழுசா திறக்காது. பாதியில சிக்கிக்கும். ஒருக்களிச்சுத்தான் உள்ள போகணும்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும். ஊரெல்லாம் லிஃப்ட் கதவைச் சரி செய்கிற மனுஷனால் சொந்த வீட்டு பாத்ரூம் கதவைக் கடைசி வரை சரி செய்ய முடியவில்லை என்று அக்கம்பக்கமே கேலி செய்யும்.

அதற்குப் பிறகு கை தானாக ஓடியது. சமையலறைக் கூரையில் தும்பி ஒரு புள்ளி வைத்தாள். குக்கர் வெயிட் பறந்து போய் அடித்த தழும்பு. பால்கனியில் அம்மா ஒரே ஒரு நாற்காலி வரைந்தாள். அங்கே இரண்டு நாற்காலி போட இடமில்லை. சாயங்காலம் யார் முதலில் உட்காருகிறார்களோ அவர்களுக்குத்தான். மற்றவர்கள் கதவில் சாய்ந்துகொண்டு பேச வேண்டும். எவ்வளவு பேச்சு பேசியிருப்பார்கள் அப்படி நின்றுகொண்டே.

அப்பா கட்டடத்தின் லிஃப்டை வரைந்தார். லீவு நாளில் அவர் அதற்கு எண்ணெய் போட்டுச் சோதிக்கும்போது, தும்பி உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு மாடிக்கும் அறிவிப்பு செய்வாள். "இரண்டாம் மாடி. குறட்டை மாமா இறங்கலாம். மூன்றாம் மாடி. எங்க வீடு, டீ கிடைக்கும்." குடியிருப்பவர்கள் அதைக் கேட்பதற்காகவே ஒரு சுற்று மேலே போய்விட்டு வருவார்கள். அப்பா இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்.

படுக்கையறையை அம்மா வரைந்தாள். ஜன்னலுக்கு அவள் தைத்துப் போட்ட கறுப்புத் திரை. இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்குவதற்காக. அவள் தூங்கினால் வீடே நுனிக்காலில் நடக்கும். ஹாலில் தாயம் விளையாடுகிற பிள்ளைகள் கட்டை உருள்கிற சத்தம் கேட்காமல் இருக்கத் தரையில் கம்பளியை விரித்துக்கொள்வார்கள். சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த அமுங்கின சிரிப்புச் சத்தம்தான் பல நாள் அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. எழுந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்ல வாயெடுத்தாள். சிரித்தது இரண்டு பேர் என்பதால் நிறுத்திக்கொண்டாள்.

தும்பி பச்சைப் பேனாவை எடுத்தாள். அப்பா போட்ட சுவரைத் தாண்டிக் கோட்டை இழுத்தாள். படிக்கட்டு. அந்தப் பக்கம் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் இன்னொரு வீடு.

பேனா தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. சொந்த வீட்டைவிட இதை அவள் நிதானமாக வரைந்தாள். ஹாலில் ஒரு கட்டில். சுவரோரம் துணி அடுக்கும் அலமாரி. ஜன்னலை ஒட்டி ஒரு தையல் மிஷின். சோடாபுட்டியின் அம்மா, தும்பிக்கு அத்தை, தையல்காரி. பாதித் தெருவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். மனசு பழைய நாட்களிலேயே இருந்ததால் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"மிஷின் உள்ரூம்லதானே இருந்தது?"

"இப்ப ஜன்னலோரம் இருக்கு. அத்தைக்குக் கண்ணு சரியா தெரியறதில்ல. வெளிச்சம் வேணும்."

சொன்ன பிறகுதான் தும்பியின் கை நின்றது.

"இப்பவா?" என்றார் அப்பா.

தும்பி பேனாவுக்கு மூடியைப் போட்டாள். கழற்றினாள். மறுபடி போட்டாள். கம்பளி மேடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்ன பேச்சு என்று தெரியாவிட்டாலும் என்னவோ நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

"நான் அங்கதான் போயிட்டிருந்தேன்" என்றாள் தும்பி. "ஸ்கூலுக்குப் போகாத நாள்ல எல்லாம்."

அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் கட்டடத்து வாசல் வரைக்கும்தான் போனாளாம். பிறகு லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடி வரைக்கும். ஒரு நாள் அந்தக் கதவு தானாகத் திறந்தது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். பித்தான் தைக்கக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அடிக்கடி. இரண்டு பேரும் வேலை செய்துகொண்டே சோடாபுட்டியைப் பற்றிப் பேசுவார்களாம். அவள் தூக்கத்தில் உளறுவது, கண்ணாடியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவது, இதெல்லாம். சில நாள் அழுவார்கள். சில நாள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீ வராத அந்த ராத்திரி?"

"அங்கதான் இருந்தேன்."

அந்த ராத்திரி அம்மா ஊரிலிருக்கும் அத்தனை ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தவள். விபத்துப் பிரிவில் எந்தப் பெண்ணைக் கொண்டுவந்தாலும் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தவள். கெட்ட சகவாசம் என்று நினைத்தாள். போதை மருந்தாக இருக்குமோ என்று பையையெல்லாம் கொட்டித் தேடினாள். எவன் அவன் என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தும் இருக்கிறாள். தும்பி ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

"ஏன்டி சொல்லல?" அம்மாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "என்னென்னவோ பேசினோமே உன்னை. அதெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னியே. இங்கதான் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அதையும் எடுத்துட்டிருப்பீங்க."

அதைக் கத்திச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாகச் சொன்னாள்.

"போட்டோ எல்லாம் எடுத்தீங்க. அவ கொடுத்த சட்டையை எடுத்தீங்க. வீட்டையே மாத்தினீங்க. அவளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா உடனே வேற பேச்சு. எல்லாம் எனக்காகன்னு சொன்னீங்க. எனக்கு அவ செத்தது ஒரு தடவைதான்ம்மா. மத்ததெல்லாம் நீங்க பண்ணினது."

அம்மா எழுந்தாள். என்னால் முடியவில்லை என்று கம்பளி மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னாளா, தமிழில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

அப்பா எழவில்லை. தாளின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நின்றுபோனதை ஓடவைப்பது ஒன்றுதான். உள்பாக்கெட்டில் கையை விட்டு அந்தப் பயணச்சீட்டை எடுத்து, எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் தாளின் மேல் வைத்தார்.

"உனக்கும் சேர்த்து எடுத்துட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போயிடலாம் வா. நான் பார்த்துக்கறேன்."

தும்பி அதை எடுத்துத் தன் பேரைப் படித்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வீட்டுக்குப்பா?"

அப்பா தாளில் இருந்த இரண்டு வீட்டையும் பார்த்தார்.

"அந்த ரூமுக்கே திரும்பி வந்தா மறுபடியும் கதவைச் சாத்திக்குவேன். எனக்கே தெரியும்." அவள் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "இங்க காலைல எழுந்திரிக்கிறேன். சாப்பிடறேன். பரீட்சை எழுதலாம்னுகூட இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கேனே."

"எங்க மேல கோபமா?"

"உங்க மேல இல்ல." யோசித்துவிட்டுச் சேர்த்தாள். "கொஞ்சம் இருக்கு."

அவர் தலையாட்டினார். சீட்டை வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் தும்பி மெத்தையிலிருந்து நகர்ந்து வந்து அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். ஐந்து மாசத்துக்குப் பிறகு. அவர் மூச்சுவிடக்கூட பயந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கம்பளி மேடம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

வெளியே, விறகு அடுக்கி வைத்திருந்த கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அம்மா அதில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். இங்கே மதியம். அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும். விளக்கு போட்டுவிட்டு அந்தப் பொம்பளை மிஷினில் உட்கார்ந்திருப்பாள்.

கோபம் அவளுக்குக் காது வரை ஏறியிருந்தது. ஒரு வருஷம். என் பிள்ளை ஒரு வருஷமாக உன் வீட்டில் பித்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பைத்தியக்காரி மாதிரி தெருத்தெருவாகத் தேடினேன். ஒரு போன் செய்ய உனக்குக் கை வரவில்லையா? உன் பிள்ளை போனதால் என் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டாயா? இப்படியே கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள்.

எண் இன்னும் போனில் இருந்தது. 'எதிர்வீட்டக்கா' என்று. அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வீடு மாறும்போது அடிக்கடி வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்ததுதான். ஒரு தடவைகூடப் போனதில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லும்மா" என்றது அந்தக் குரல். நேற்றுதான் பேசிவிட்டு வைத்தது மாதிரி. "தும்பி நல்லாயிருக்காளா?"

அந்தச் "சொல்லும்மா"வைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. உப்பு கேட்கக் கதவைத் தட்டினால், இரவு டியூட்டிக்குக் கிளம்பும்போது பிள்ளையை விட்டுவிட்டுப் போக வந்தால், உள்ளேயிருந்து முதலில் இதுதான் வரும். பிறகு மிஷின் நிற்கும். பிறகு கதவு திறக்கும். வரிசைப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் கலைந்தது. ஆனாலும் விடவில்லை அம்மா.

"தும்பி எல்லாத்தையும் சொல்லிட்டா அக்கா. அந்த ராத்திரி உங்க வீட்லதான் இருந்தான்னு. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"சொன்னா இனிமே வரமாட்டேன்னு மிரட்டினா. சரின்னு தலையாட்டிட்டேன். ஆனா பெத்தவ வயிறு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியாதாம்மா? அவ தூங்கினதும் சமையல்கட்டுக்குள்ள போய் உனக்குக் கூப்பிட்டேன். நீதான் எடுக்கல."

அம்மா போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

விபத்துப் பிரிவின் நீள வராந்தா அவள் கண் முன்னால் வந்தது. அந்த ராத்திரி அங்கே நின்றபோது கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. பேரைப் பார்த்தாள். இந்த ராத்திரியில் இவளோடு என்ன பேசுவது, என் பிள்ளையைக் காணோம் என்று பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அது அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலக்கா" என்றாள். "பார்த்தேன். எடுக்கல."

"தெரியும்மா. அவ பத்திரமா இருக்கான்னு உன் போனுக்கு ஒரு வரி அனுப்பலாம்னுகூடப் பார்த்தேன். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல. விடிஞ்சதும் நானே கொண்டுவந்து உங்க தெருமுனையில விட்டுட்டுத்தான் போனேன்."

காற்று சரிவிலிருந்து ஏறி வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வார்டில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்தி சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது குரல் நடுங்காது. இப்போது நடுங்கியது. வீடு மாறியது பிள்ளைக்காக மட்டும் இல்லை அக்கா என்றாள். தினமும் காலையில் கதவைத் திறந்தால் எதிரே உங்கள் முகம். சரியாகிவிடும், நான் இருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னவள் நான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் உன்னைக் குத்தம் சொன்னேனா என்னிக்காவது?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன. போகும்போது உன் கை அவ தலைமேல இருந்ததேன்னுதான் நான் நினைச்சுக்குவேன்." குரல் சற்றுத் தாழ்ந்தது. "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இத்தனை நாளா வெச்சிட்டிருக்கேன்மா. நீ வீடு மாறின பிறகும் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். அவ போன அன்னிக்கு என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. நீதான் உள்ள இருந்தே. கண்ணாடி வழியா பார்த்தேன். அவ உன்கிட்ட என்னவோ சொன்னா. நீ குனிஞ்சு கேட்டே. என்ன சொன்னா?"

அம்மா பதில் சொல்லவில்லை.

அந்த வார்த்தைகள் அவளுக்கு மறக்கவில்லை. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் அவற்றில் ஒரு பாதி அந்தத் தாய்க்கு. இன்னொரு பாதி தும்பிக்கு.

பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. தும்பி வெளியே வந்தாள். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் மட்டும் சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பெஞ்சை நோக்கி நடந்து வந்தாள். பாதி வழியில் அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"யாரும்மா? அத்தையா?"

அம்மா பெஞ்சில் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சொல்றேன் அக்கா" என்றாள். "வெச்சிடாதீங்க. தும்பி வரா. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்."